நாய்க்குக் காய்கறி ட்ரீட், நம் வீட்டு அடுப்பிலேயே: கேள்வி பதில்

கடை பிஸ்கட்டுக்குப் பதிலாக வீட்டிலேயே காய்கறியில் ஏதாவது செய்து கொடுக்கலாமா என்று கிளினிக்குக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். உப்பு போடும் முன், தாளிக்கும் முன் நாயின் பங்கைத் தனியே எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் சுலபம். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

டாக்டர், எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது. சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் காயவைத்துக் கொடுத்தால் நன்றாகக் கடித்துத் தின்னும் என்கிறார்கள். வீட்டில் ஓவன் இல்லை. வெயிலில் காயவைக்கலாமா? (மதுரை)

மதுரை வெயில் இருக்கும்போது ஓவன் எதற்கு? கிழங்கை மண் போகக் கழுவி, தோல் சீவி, இட்லிப் பாத்திரத்தில் அரைவேக்காடாக வேகவையுங்கள். கத்தி உள்ளே இறங்க வேண்டும், ஆனால் கிழங்கு குழையக் கூடாது. ஆறியதும் நீளவாக்கில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கி, தட்டில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, மெல்லிய வேட்டித் துணியால் மூடி மாடியில் வையுங்கள். சாயங்காலம் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். காலையில் திருப்பிப் போட்டு மறுபடி வெயில். கோடையில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும்.

காய்ந்ததா என்று மேல்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இருப்பதிலேயே கனமான துண்டை எடுத்து வளைத்துப் பாருங்கள். தோல் வார் மாதிரி வளைய வேண்டும். பிறகு அதை நடுவில் கிழித்து, கிழிந்த இடத்தில் விரலை வைத்து அழுத்துங்கள். பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். வானம் மூடிக்கொண்டால் பாதி காய்ந்ததை அப்படியே வைத்திருக்காமல் ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, ஓரிரு நாளில் கொடுத்து முடித்துவிடுங்கள்.

லாப்ரடார் மெல்லாமல் விழுங்கும் இனம். நீளத் துண்டின் ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொண்டு கடிக்க விடுங்கள். கையில் கொஞ்சம் மிஞ்சும்போது வாங்கிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? (கோவை)

ஒரு நாளைக்குத் தேவையான மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் தின்பண்டத்தில் போகக் கூடாது. கருத்தடை செய்த, 10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளைக்குச் சுமார் 600 கலோரி வேண்டும். அப்படியானால் ட்ரீட்டின் பங்கு 60 கலோரி. 100 கிராம் கேரட்டில் சுமார் 40, பீன்ஸில் 30, பரங்கிக்காயில் 26, வெள்ளரியில் 15 கலோரி இருக்கிறது. சர்க்கரைவள்ளியில் மட்டும் 86.

காய்ந்த கிழங்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 100 கிராம் கிழங்கு காய்ந்து 30 கிராம் அளவுக்குச் சுருங்கிவிடும். தண்ணீர்தான் போயிருக்கிறது, கலோரி அப்படியே இருக்கிறது. ஒரு கைப்பிடி வற்றல் என்பது ஒரு முழுக் கிழங்கு. சின்ன நாய்க்கு நாளைக்கு ஒன்றிரண்டு துண்டு போதும். கொடுத்த அளவுக்கு ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

தம்பி, நான் தினமும் சாம்பாரில் இருக்கிற கேரட், பீன்ஸை எடுத்துத் தண்ணீரில் அலசிவிட்டு எங்கள் மணிக்குப் போடுகிறேன். காரம் போய்விடுகிறதே, பரவாயில்லையா? (கும்பகோணம்)

அம்மா, காரம் போகும், வெங்காயம் போகாது. சாம்பாரில் வெந்த காய்க்குள் வெங்காயச் சாறும் உப்பும் ஊறியிருக்கும். வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு மூன்றுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் மாறாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் போனாலே பாதிப்பு தெரிகிறது. 10 கிலோ நாய்க்கு அது 150 கிராம்தான். ஒரே நாளில் அவ்வளவு போகாவிட்டாலும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சிவப்பணு குறையும்.

நீங்கள் மணிக்காகத் தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. காய் நறுக்கும்போதே நாலு துண்டு கேரட், நாலு பீன்ஸைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, குக்கரில் பருப்புக்கு மேல் வைத்துவிடுங்கள். விசில் அடங்கியதும் மணியின் பங்கு தயார்.

பச்சைக் கேரட் கொடுத்தால் அப்படியே முழுசாக மலத்தில் வருகிறது. பிரயோஜனம் உண்டா? (திருச்சி)

சத்துக்காக என்றால் வேகவைத்தோ மசித்தோ கொடுங்கள். மாவுச்சத்தைச் செரிப்பதில் நாய் ஓநாயைவிடக் கெட்டி. அதற்கான அமைலேஸ் என்ற செரிமான நொதியின் மரபணு நாய்களிடம் பல பிரதிகளாக இருப்பதை 2013இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் பச்சைக் காயின் நார்ச்சுவரை அதன் குடல் உடைக்காது, நாயும் நன்றாக மெல்லாது. கடித்து விளையாட மட்டும் என்றால் பச்சையாகவே இருக்கட்டும், கெடுதல் இல்லை.

பல் முளைக்கும் குட்டி, மூன்றரை மாதம். செருப்பையெல்லாம் கடிக்கிறது. (சேலம்)

முழுக் கேரட்டைத் தோல் சீவி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். ஈறுக்கு இதமாக இருக்கும். குட்டியின் வாய்க்குள் முழுதாக நுழையாத தடிமனாக இருக்க வேண்டும், நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். துண்டு உடைந்து சின்னதானதும் எடுத்துவிடுங்கள்.

பிஸ்கட் மாதிரி மாவில் செய்ய ஆசை. மைதா, சர்க்கரை இல்லாமல் ஏதாவது சொல்லுங்கள், டாக்டர். (சென்னை)

கேழ்வரகுக் கொழுக்கட்டை செய்யுங்கள், எனக்கு மிகவும் பிடித்த முறை. பரங்கிக்காயை ஆவியில் வேகவைத்து மசித்து ஒரு கப் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் கடாயில் வாசனை வர வறுத்த கேழ்வரகு மாவை அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை இழுக்கும். தண்ணீர் ஊற்றவே வேண்டாம், காயின் ஈரம் போதும். விரும்பினால் ஒரு முட்டை சேர்க்கலாம், அப்போது மாவு இன்னும் கொஞ்சம் பிடிக்கும். கட்டைவிரல் கனத்துக்குப் பிடித்து 15 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். நன்றாக ஆறியதும் கடலை அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். உட்கார், நில் என்று பழக்கும்போது கொடுக்க அந்த அளவே போதும். நாய்க்கு எத்தனை தடவை கிடைத்தது என்பதுதான் கணக்கு, துண்டு எவ்வளவு பெரிசு என்று அது பார்ப்பதில்லை.

ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வரை வைக்கலாம். உப்பு, வெல்லம், நெய், ஜாதிக்காய் எதுவும் வேண்டாம். புளித்த மாவைப் பச்சையாக நக்க விடாதீர்கள். ஈஸ்ட் போட்ட மாவு என்றால் வயிற்றுக்குள்ளேயே உப்பிச் சாராயமாக மாறும், உயிருக்கே ஆபத்து.

பொங்கலுக்கு வீட்டில் கிழங்கு நிறைய வாங்குவோம். எதையெல்லாம் கொடுக்கலாம்? (தூத்துக்குடி)

சர்க்கரைவள்ளி மட்டும், அதுவும் வேகவைத்து. சேனையிலும் சேப்பங்கிழங்கிலும் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் உண்டு, வாயும் தொண்டையும் அரிக்கும். பச்சை மரவள்ளியில் சயனைடு சார்ந்த நச்சு இருக்கிறது. பனங்கிழங்கில் நார் அதிகம், குடலில் சிக்கலாம். பச்சை உருளைக்கிழங்கும் கூடாது. சர்க்கரைப் பொங்கலில் உலர் திராட்சையும் பச்சைக் கற்பூரமும் இருக்கும், அதையும் கொடுக்கக் கூடாது. திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எத்தனை பழம் வரை பாதுகாப்பு என்று வரம்பு வைக்க முடியாது, ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்.

மக்காச்சோளம்? (திண்டுக்கல்)

வெந்த முத்துகள் சரி. தக்கையைக் குப்பைத் தொட்டியில்கூட எட்டும்படி போடாதீர்கள். தக்கையும் மாங்கொட்டையும் குடலை அடைத்து ஆபரேஷன் வரை கொண்டுபோய்விடும்.

பீட்ரூட் கொடுத்த மறுநாள் மலம் சிவப்பாக வந்தது. பயந்துவிட்டோம். (ஈரோடு)

பீட்ரூட்டின் நிறம்தான். நிறுத்திய இரண்டு நாளில் பழையபடி ஆக வேண்டும். அதற்குப் பிறகும் சிவப்பு இருந்தால் காட்டுங்கள்.

எங்கள் ஷிட்ஸுவுக்குச் சிறுநீர்க் கல் எடுத்தார்கள், ஆக்சலேட் கல் என்றார்கள். காய்கறி ட்ரீட் நல்லதுதானே? (சென்னை)

உங்கள் நாய்க்குக் காயைத் தேர்ந்தெடுத்துத்தான் கொடுக்க வேண்டும். பாலக், பீட்ரூட், சர்க்கரைவள்ளி மூன்றிலும் ஆக்சலேட் அதிகம், அவற்றை அடியோடு விட்டுவிடுங்கள். வெள்ளரி, பரங்கி போன்ற நீர்ச்சத்துள்ள காயை உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்களுக்கும் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

வேகவைத்த பீன்ஸில் கடலை வெண்ணெய் தடவிக் கொடுக்கிறேன். சரியா? (பெங்களூரு)

லேபிளைப் படித்த பிறகு கொடுங்கள். 'சர்க்கரை இல்லாதது' என்று விற்கிறவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், ஐஎன்எஸ் 967 என்று அதன் குறியீட்டு எண்ணை மட்டும்கூடப் போட்டிருப்பார்கள். அது நாயின் ரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்தில்கூடச் சடாரென்று இறக்கும், அளவு கூடினால் கல்லீரலைக் கெடுக்கும். வீட்டிலேயே வறுத்த நிலக்கடலையை அரைப்பது நல்லது. பூஞ்சை பிடித்த, சுருங்கிய, கறுத்த பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதில் உருவாகும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சை நாயின் ஈரல் தாங்காது.

நேற்று வெங்காய பஜ்ஜி நாலைந்து தின்றுவிட்டது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா? (விழுப்புரம்)

வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணீரே விஷமாகி நாய்கள் இறந்திருக்கின்றன. இன்றே பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், என்ன தின்றது, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். வெங்காயத்தின் பாதிப்பு உடனே தெரியாது, மூன்று நான்கு நாள் கழித்துத்தான் வெளியே வரும். இன்று நன்றாக ஓடியாடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். தினமும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போனாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் காய்ந்த துண்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அதை மட்டும் வெட்டி எறிந்தால் போதுமா? (கடலூர்)

போதாது. டப்பாவோடு எல்லாவற்றையும் கொட்டுங்கள். பூஞ்சையின் சில நச்சுகள் நாய்க்கு நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் காயவைக்கும் வேலையே வேண்டாம். அந்த இரண்டு மாதமும் ஆவியில் வேகவைத்ததைக் கொடுங்கள்.

எங்கள் தெருவில் ஐந்தாறு நாய்கள். மிச்சக் காய்கறியை வேகவைத்துப் போட்டால் அவற்றின் பசி தீருமா? (நாகர்கோவில்)

உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் வெறும் காயில் பசி தீராது, புரதமும் கொழுப்பும் வேண்டும். சோற்றில் வெந்த பரங்கியோ கேரட்டோ ஒரு பங்கு பிசைந்து, வேகவைத்த முட்டை அல்லது மத்தி, நெத்தலி சேருங்கள். மீனை உப்பு, புளி இல்லாமல் வேகவைத்து, மத்தியின் முள்ளை எடுத்துவிடுங்கள். கோழிக்கடையில் கொடுக்கும் கழுத்து, தோலை வேகவைத்த தண்ணீரையும் ஊற்றலாம். வெந்த கோழி எலும்பைப் போடாதீர்கள், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இலையில், தள்ளித் தள்ளி வையுங்கள், சண்டை வராது. பக்கத்திலேயே ஒரு மண்சட்டியில் தண்ணீர் இருக்கட்டும், தினமும் மாற்றுங்கள்.