முழங்காலுக்குள் வாத்து எங்கிருந்து வந்தது?

கேள்வி: எனக்கு வயது 52. படியேறினால் வலது முழங்காலின் உள்பக்கம், மூட்டுக்குச் சற்றுக் கீழே வலிக்கிறது. டாக்டர் சீட்டில் ‘பெஸ் ஆன்செரைன் பர்சைட்டிஸ்’ என்று எழுதியிருக்கிறார். மகன் தேடிப் பார்த்துவிட்டு, “வாத்துக்கால்மா” என்கிறான். கால் வளைந்துவிடுமா டாக்டர்?

பதில்: வளையாது, பயப்படாதீர்கள். மகன் சொன்னதும் தப்பில்லை. லத்தீனில் ‘பெஸ்’ என்றால் பாதம், ‘ஆன்ஸர்’ என்றால் பெரிய வாத்து. ‘ஹம்சம்’ என்ற வடசொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. அன்னப்பாதம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், கொஞ்சம் கௌரவமாக இருக்கும்!

தொடையிலிருந்து இறங்கும் மூன்று தசைநாண்கள் முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாக ஒன்றுசேர்ந்து எலும்பில் ஒட்டுகின்றன. கல்லூரியில் தோலை விலக்கி முதன்முதலாகப் பார்த்தபோது, விரலிடையில் சவ்வு ஓடும் வாத்துக்கால் அப்படியே தெரிந்தது. பெயர் வைத்தவர் வாத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்தான்.

அந்த மூன்றில் ஒன்று ‘சார்ட்டோரியஸ்’. தொடையைக் குறுக்காகக் கடந்து வரும் இதுதான் உடம்பிலேயே நீளமான தசை. ‘சார்ட்டர்’ என்றால் கிழிசல் தைப்பவர். அந்தக் காலத்து ஐரோப்பியத் தையல்காரர்கள் மேஜைமேல் சம்மணம் போட்டுத் தைப்பார்கள். காலை அப்படி மடக்கித் தொடையை வெளிப்பக்கம் திருப்ப உதவுவது இந்தத் தசை. பந்தியில் தரையில் உட்காரும் நமக்கும் அதே தசைதான்.

அப்புறம் ‘பர்சா’. அதற்குப் பை என்று பொருள். நீங்கள் கடைக்கு எடுத்துப்போகிற பர்ஸ் இதிலிருந்து வந்த சொல்தான். நாண்கள் எலும்பில் உரசாமல் இருக்க நடுவே ஒரு சின்னப் பை இருக்கிறது. அது வீங்கி அழன்றிருக்கிறது, அவ்வளவுதான். மூட்டு இடுக்கிலிருந்து மூன்று விரற்கடை கீழே, உள்பக்கமாக அழுத்திப் பாருங்கள். ‘சுருக்’ என்றால் இடம் அதுதான்.

துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. வலி அடங்கும்வரை சம்மணம் வேண்டாம், படியையும் குறையுங்கள். பின்தொடையை நீட்டும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. காய்ச்சலோடு அந்த இடம் சிவந்து சுட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை பார்த்து நாளாகிவிட்டதென்றால் அதையும் பார்த்துவிடுங்கள். எடை கூடியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இந்த வலி அடிக்கடி வருகிறது.