நிகோராண்டிலும் கிளிபென்கிளமைடும் சேர்ந்தால்

வணக்கம். நெஞ்சுவலிக்கு நிகோராண்டில் எடுக்கும் உங்கள் தந்தை சர்க்கரை நோய்க்குக் கிளிபென்கிளமைடும் எடுப்பதால், ஒன்று திறக்கும் பொட்டாசியம் சேனலை (செல் சவ்வில் பொட்டாசியம் கடந்துசெல்லும் நுண்வாயிலை) மற்றது மூடிவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது.

1983இல் அகினோரி நோமா இதயச் செல்களில் கண்டறிந்த இந்தச் சேனல், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி போதிய அளவில் இருக்கும்வரை மூடியே இருக்கும். இரத்த ஓட்டம் குறைந்து ஏடிபி சரியும்போது சேனல் திறந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பின் மின்தூண்டலும் விரைவில் முடிந்து, உள்ளே நுழையும் கால்சியம் குறைந்து, சுருக்கம் தளர, எஞ்சிய ஏடிபி செல் உயிர்பிழைக்க மிஞ்சுகிறது. நிகோராண்டில் இத்திறப்புக்குத் துணைசெய்கிறது. கிளிபென்கிளமைடு கணையத்தில் உள்ள இதே வகைச் சேனலை மூடித்தான் இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது; ஆனால் கணையத்தோடு நில்லாமல் இதயச் சேனலையும் மூடவல்லது. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு சர்க்கரை மாத்திரையான கிளிக்கிளசைடு பெரும்பாலும் கணையச் சேனலையே பற்றும்.

ஆயினும் நிகோராண்டிலுக்கு நைட்ரேட் மருந்துகளைப் போல இரத்தக் குழாயைத் தளர்த்தும் இன்னொரு செயலும் உண்டு. அது இந்த மூடலால் தடைபடாது. ஆகவே எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்த வேண்டாம். சர்க்கரை மாத்திரையை மாற்றலாமா என்று இதய மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நிகோராண்டிலுடன், ஆண்மைக்குறைவுக்கு எடுக்கும் சில்டெனாபில் ஒருபோதும் கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.