கொல்கத்தாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம், ஊரைப் படகில் சுற்றிப் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். மாமியாருக்கு முட்டி வலி, மைத்துனர் வாடகைக் கார் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் தண்டையார்பேட்டை. சித்தி கல்யாணமாகிப் போனதிலிருந்து கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஹவுராவில், சிப்பூர் பக்கம் இருக்கிறார். சித்தப்பாவுக்கு ரயில்வே வேலை, ரிடையர் ஆன பிறகும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹவுரா மெயிலில் போய் இறங்கினதும் சித்தி சொன்னது கார்தான். "லாஞ்ச்சுல எல்லாம் வேலைக்குப் போறவங்கதான் ஏறுவாங்க, அக்காவ எதுக்கு அதுல இழுத்துக்கிட்டு அலையணும்?" என்றார். லாஞ்ச் என்பது ஆற்றில் ஆட்களை ஏற்றிப் போகும் படகு. சரி என்று ஒரு நாள் காரில் போனோம். ஹவுரா பாலத்தின் மேல் நெரிசலில் நின்றபோது அம்மா பார்த்ததெல்லாம் முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகுதான். ஆறு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

மறுநாள் ஹவுரா ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் படகுத்துறைக்கு நானே அழைத்துப் போனேன். அங்கே முட்டி வலிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஊருக்கு நடுவே ஓடும் ஹூக்ளி ஆற்றில் கடல் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி தண்ணீர் ஏறி வற்றும். அதனால் படகு வந்து நிற்கும் இடம் மிதவை. கரைக்கும் மிதவைக்கும் நடுவே இரும்பு நடைபாலம் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஏறியிருக்கும்போது அது கிட்டத்தட்ட மட்டமாக இருக்கும், வற்றினால் நல்ல சரிவாகிவிடும். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கினார். பின்னால் ஆபீஸ் கூட்டம் நின்றது, ஆனால் ஒருவரும் தள்ளவில்லை. ஒரு பெண் தன் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அம்மாவின் மறுகையைப் பிடித்தார்.

டிக்கெட் நாங்கள் போனபோது பத்து ரூபாய்க்குள்தான். கொல்கத்தா கரையில் இருக்கும் பாபுகாட் படகுத்துறைக்குப் போகப் பத்து நிமிடம் பிடித்திருக்கும். அப்புறம் திரும்பி வந்து வடக்கே பாக்பஜார் போகும் படகில் ஏறினோம். பாலத்துக்கு அடியில் போகும்போதுதான் அம்மா எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தார். 1943இல் திறந்த பாலம், ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. நட்டு, போல்ட் இல்லாமல் ரிவெட் அடித்தே சேர்த்தது. காரில் போனால் இது எதுவுமே தெரியாது. எங்கள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் இருந்திருந்தால் இதற்காகவே நாலு தடவை போய் வந்திருப்பார் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

வழியில் சோபாபஜாரில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் குமார்டுலி. துர்கை சிலை செய்கிறவர்களின் தெரு. வைக்கோலைக் கட்டி உருவம் பிடித்து, அதன்மேல் களிமண் பூசுகிறார்கள். களிமண்ணும் ஆற்று வழியாகப் படகில்தான் வரும். இன்னொரு நாள் பெலூர் மடம் பார்த்துவிட்டு அங்கிருந்து எதிர்க்கரையில் தட்சிணேஸ்வரத்துக்குப் படகில் போனோம். ராணி ராஷ்மோனி கட்டிய காளி கோயில் அது, 1855இல் குடமுழுக்கு நடந்தது. ஆற்றிலிருந்து பார்க்கும்போதுதான் அதன் அழகு முழுசாகத் தெரிகிறது. இரண்டு இடத்திலும் மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்கேற்ப கிளம்புங்கள்.

"பாதுகாப்பு இல்லாத படகில் வயசானவரை ஏற்றச் சொல்கிறாயா" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். 2017இல் பத்ரேஸ்வர் பக்கம் தெலினிபாராவில் மூங்கில் படகுத்துறை சரிந்து பலர் இறந்தது எனக்கும் தெரியும். அது ஊருக்கு வெளியே, தற்காலிகமாக மூங்கிலில் கட்டிய துறை. ஹவுரா, பாபுகாட் இரும்பு மிதவைகள் அப்படிப்பட்டவை அல்ல. அப்படியும் கூட்டம் அதிகமாகத் தெரிந்தால் அந்தப் படகை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள். 2024இலிருந்து ஆற்றுக்கு அடியில் மெட்ரோவும் ஓடுகிறதே என்பார்கள். அக்கரைக்குப் போய்ச் சேர அது போதும். ஆற்றைப் பார்க்க வேண்டுமே!

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படகில் உட்கார்ந்து அம்மா பேசியது முழுக்க எங்கள் பக்கிங்காம் கால்வாயைப் பற்றித்தான். தாத்தா கொருக்குப்பேட்டையில் விறகுத் தொட்டி வைத்திருந்தார். சவுக்குக் கட்டை முழுவதும் ஆந்திரா பக்கத்திலிருந்து கால்வாயில் படகில் வந்து இறங்குமாம். காற்று இல்லாத நாளில் கரையில் நடந்துகொண்டே கயிறு கட்டி இழுப்பார்களாம். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் தனியார் வெட்டிய கால்வாய் அது. பிறகு தெற்கிலும் வடக்கிலும் நீட்டிக்கொண்டே போனார்கள். 1876-78 பஞ்சத்தில் சோற்றுக்கு வழியில்லாத ஜனங்களை வைத்துத்தான் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே வெட்டினார்கள். பேசின் பிரிட்ஜில் படகு நின்று சரக்கு இறக்கிய காலம் இருந்தது. இன்றைக்கு அந்த இடத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். தெற்கே கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டுவிட்டார்கள். 2008இல் இதைத் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள், எங்கள் பக்கம் ஒரு படகும் வரவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்தான் வந்தது, எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் படர்ந்து மீனவர் வலையெல்லாம் பாழாய்ப் போனது.

ஹூக்ளி எவ்வளவு பெரிய ஆறு, அதோடு கால்வாயை ஒப்பிடலாமா என்று கேட்காதீர்கள். ஹவுரா அளவுக்குப் பெரிய படகை நான் கேட்கவில்லை. வியாசர்பாடியிலிருந்து எண்ணூருக்கு ஒரு சின்னப் படகு போனால் போதும். ஹூக்ளியிலும் குப்பை மிதக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ஊர் ஜனங்கள் தினம் அதில் ஏறி வேலைக்குப் போகிறார்கள், அதனால் அந்த ஆறு பாழானால் கேட்க ஆள் இருக்கிறது. எங்கள் கால்வாய்க்கு அப்படிக் கேட்க யாருமில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை, வைகாசியில் போவதாக இருந்தால் படகுப் பயணத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். சாயங்காலத்தில் காலபைசாகி என்று திடீர்ப் புயல்காற்று அடிக்கும், படகை நிறுத்திவிடுவார்கள். சில்லறை கையில் வைத்துக்கொள்ளுங்கள். மைத்துனரையும் விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் சித்தப்பா இத்தனை வருடம் அங்கே இருந்தும் வேலைக்குத் தவிர லாஞ்ச்சில் ஏறினதே இல்லை. தட்சிணேஸ்வரம் போன அன்றைக்கு அவர்தான் எங்களுக்கு முன்னால் கிளம்பித் தயாராக நின்றார்.