டீச்சரிடம் கேளுங்கள்: கைகுலுக்க வைத்தும் நிற்கவில்லை

கேள்வி: என் மகன் தரம் 4 படிக்கிறான். சின்னதிலிருந்தே திக்கிப் பேசுவான். வகுப்பில் ஒரு பையன் அவனுக்குக் 'கவரேஜ்' என்று பட்டம் வைத்திருக்கிறான். இவன் வாய் திறந்ததும் காதில் கையை வைத்து, "ஹலோ, ஹலோ, கவரேஜ் இல்லை" என்பானாம். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்களாம். இப்போது வாசிப்பு உள்ள நாளில் வயிற்றுவலி என்று படுத்துவிடுகிறான். வகுப்பாசிரியையிடம் சொன்னேன். இருவரையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைத்தார். ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. "திருப்பி அடிக்கச் சொல்லு" என்கிறார் கணவர். என்ன செய்வது டீச்சர்?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, ஆசிரியை நல்ல மனதோடுதான் செய்திருப்பார். ஆனால் கைகுலுக்க வைப்பது சண்டை பிடித்த இருவருக்குச் சரி. உங்கள் மகன் யாரோடும் சண்டை பிடிக்கவில்லையே! அவனையும் கூப்பிட்டுக் கை கொடுக்கச் சொன்னால், பாதிப் பிழை தன்னுடையது என்றுதான் விளங்கிக்கொள்வான். இனிமேல் இருவரையும் தனித்தனியாக விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆரம்பப் பிரிவிலேயே கிழவியானவள் நான். இப்படியான வகுப்பில் பட்டம் வைத்தவனைவிடச் சிரிக்கிறவர்களைத்தான் முதலில் பார்ப்பேன். சிரிக்க ஆளில்லாவிட்டால் அவனுக்கு அலுத்துவிடும். அந்தப் பிள்ளைகளிலும் பலர் பயத்தில் சிரிப்பவர்கள். சிரிக்காவிட்டால் அடுத்த பட்டம் தங்களுக்கு. அவர்கள் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. "வாடா, பந்தடிக்கப் போவோம்" என்று இவனை அந்த இடத்திலிருந்து இழுத்துப்போனால் போதும். மகனோடு ஒட்டுகிற பிள்ளை யாரென்று கேட்டு, அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தச் சொல்லுங்கள்.

வாசிப்புக்கும் ஒரு வழி இருக்கிறது. இன்னொருவரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போது திக்குகிற பிள்ளைகள் பலருக்குத் திக்கல் வெகுவாகக் குறையும். இவனை மட்டும் பிரித்துக் காட்டாமல், முழு வகுப்பையும் சோடி சோடியாக வாசிக்க விடலாம். வீட்டில் "மெதுவாகச் சொல்லு" என்று சொல்லாதீர்கள், அவன் சொல்லை நீங்கள் முடித்தும் கொடுக்காதீர்கள். அவன் முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சை பற்றியும் ஒருக்கால் விசாரியுங்கள்.

கணவரிடம் சொல்லுங்கள்: திருப்பி அடித்தால் அந்த அடி எல்லார் கண்ணிலும் படும், 'கவரேஜ்' படாது. அதிபர் முன்னால் நிற்கப்போவது உங்கள் மகன்தான். அந்தப் பையன் வீட்டுக்கும் நியாயம் கேட்டுப் போக வேண்டாம். நம் ஊரில் பிள்ளைகளின் விஷயம் இரண்டு குடும்பங்களின் சண்டையாக எவ்வளவு நேரம் எடுக்கும்?

ஒரு கொப்பியில் திகதி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். முதலில் பகுதித் தலைவர், பிறகு அதிபர். அங்கும் அசையாவிட்டால் பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகம். அடி, மிரட்டல், காசு பறிப்பு என்று போனால் காத்திருக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அதிபருக்கு எழுத்தில் கொடுத்தால், பிரதி ஒன்றில் திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.