கிலோ வேறு, லிட்டர் வேறு

கேள்வி: சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறேன், அண்ணா. புது வண்டி எடுக்கப் போகிறேன். பங்க் போர்டில் சிஎன்ஜி விலை கூடுதலாக இருக்கிறது. எல்பிஜி வண்டியே எடுத்துவிடவா? எது ஆபத்தில்லாதது?
– வாசகர், தாம்பரம்

பதில்: போர்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க தம்பி. சிஎன்ஜி கிலோ கணக்கில் விற்கிறது, ஆட்டோ எல்பிஜி லிட்டர் கணக்கில். ஒரு கிலோ சிஎன்ஜி தரும் சக்திக்கு ஏறத்தாழ 2 லிட்டர் எல்பிஜி வேண்டும். அதனால் எல்பிஜி விலையை இரண்டால் பெருக்கி, அதைச் சிஎன்ஜி விலையோடு வைத்துப் பாருங்க. என் பட்டறைக்கு வருகிற பலரும் இந்தக் கணக்கைப் போடாமலே வண்டி எடுத்துவிடுகிறார்கள்.

அடுத்தது பங்க். சிஎன்ஜி என்பது பெரும்பாலும் மீத்தேன். சுமார் 200 பார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு), வாயுவாகவே அடைக்கிறார்கள். குழாய் இணைப்பு இல்லாமல், லாரியில் சிலிண்டர் அடுக்கிக் கொண்டுவந்து நிரப்பும் பங்க்கில், முன்னால் நாலைந்து வண்டி போட்டுவிட்டால் அழுத்தம் இறங்கிவிடும். உங்கள் சிலிண்டர் முழுசாக நிரம்பாது. உங்கள் ஓட்டத்தில் இருக்கும் பங்க் எந்த வகை என்று அங்கே நிரப்புகிற ஓட்டுநர்களிடம் கேளுங்க. எல்பிஜியில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். குறைந்த அழுத்தத்திலேயே திரவமாகிவிடுவதால் சின்ன டேங்க்கிலும் நிறைய ஓடலாம். வெயிலில் திரவம் விரிவதற்கு இடம் வேண்டும், அதனால் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது.

ஆபத்து இரண்டிலும் உண்டு, ஆனால் ஒரே மாதிரி இல்லை. சிஎன்ஜி காற்றைவிட லேசு. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும். கூரை மூடிய இடத்தில் மட்டும் மேலே தங்கும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அடுக்குமாடியில் தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங்கில் நிறுத்துகிறவர் என்றால் சிஎன்ஜியே எடுங்க என்பேன். வாடை வந்தால் சாவியைத் தொடாதீங்க. டேங்க் வால்வை மூடி, வண்டியைக் கையால் தள்ளி வெட்டவெளிக்குக் கொண்டுபோங்க.

வீட்டுச் சிலிண்டரிலிருந்து ஆட்டோவுக்கு கேஸ் ஏற்றிக் கொடுக்கிறவரிடம் போகவே போகாதீங்க. அது சட்டவிரோதம், அந்த இடத்தில் ஒரு பொறி போதும். சிஎன்ஜி எடுத்தால், 3 வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்குங்க.