சிறுகோளுக்கு வால் முளைத்தால்: கேள்வி பதில்

போன மாதம் டர்பனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வானம் காட்டலாம் என்று டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். ஒன்பது மணிக்கெல்லாம் கடல் பக்கமிருந்து மேகம் ஏறிவிட்டது. சரி, பார்க்கத்தான் முடியவில்லை, கேட்கவாவது செய்யட்டும் என்று ஒரு கதையை ஆரம்பித்தேன். சிறுகோள் என்று பதிவான ஒரு பாறை, 17 ஆண்டு கழித்து வாலோடு அகப்பட்டு வால்மீன் பட்டியலிலும் ஏறிய கதை அது. பாதியில் மழை பிடித்துக்கொண்டது. கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு எல்லாரும் காருக்கு ஓடினார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பிலும் சில வந்தன. என்னால் முடிந்த வரை பதில் சொல்கிறேன்.

கதை பாதியில் நின்றுபோச்சு அக்கா. முழுசாகச் சொல்லுங்கள். (சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு அம்மா)

1979-ல் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் வானாய்வு நிலையத்தில் எடுத்த படங்களில் ஒரு புள்ளி நகர்ந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் லட்சக்கணக்கான சிறுகோள்களில் அதுவும் ஒன்று என்று '1979 ஓடபிள்யூ7' என்ற எண்ணைக் கொடுத்தார்கள். அதோடு யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

1996-ல் சிலியிலுள்ள லா சியா வானாய்வு நிலையத்தில் கீடோ பிசாரோ எடுத்த படத்தகட்டை எரிக் எல்ஸ்ட் ஆராய்ந்தபோது, ஒரு புள்ளியிலிருந்து மெல்லிய கோடு ஒன்று நீண்டிருந்தது. வால்மீனுக்குத் தலையைச் சுற்றி இருக்கும் மூட்டம் இதற்கு இல்லை. ஊசியில் நூல் கோத்த மாதிரி வால் மட்டும். பாதையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அதே 1979 பாறை!

உடனே வாதம் கிளம்பியது. வேறொரு கல் மோதித் தூசி பறந்திருக்கும், இதைப் போய் வால்மீன் என்பதா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான சந்தேகம். கொஞ்ச நாளில் வால் மறைந்தும் போனது. இந்தப் பாறை சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 5.6 ஆண்டு ஆகும். அடுத்த சுற்றில், சூரியனுக்கு மிக அருகில் வரும் இடத்தைக் கடந்த பிறகு, 2002-ல் வால் மறுபடி வந்தது. அதற்கடுத்த சுற்றில் 2007-லும் வந்தது. மோதல் இப்படி நாள் குறித்து வைத்துக்கொண்டு வராது. வெயில் பட்டால் புகைகிறது, விலகினால் அடங்குகிறது என்றால் உள்ளே பனிக்கட்டி இருக்கிறது. இன்று அதற்கு இரண்டு பதிவு: சிறுகோள் கணக்கில் 7968 எல்ஸ்ட்-பிசாரோ, வால்மீன் கணக்கில் 133பி. இந்த மாதிரிப் பாறைகளுக்கு 'சிறுகோள் பட்டை வால்மீன்கள்' என்று தனி வகையே வைத்து 2006-ல் ஹென்றி ஷேயும் டேவிட் ஜூவிட்டும் எழுதினார்கள்.

சூரியன் பக்கத்தில் கோடிக்கணக்கான வருஷம் சுற்றினால் பனி எப்போதோ தீர்ந்திருக்காதா? (பீனிக்ஸ், பத்தாம் வகுப்பு மாணவி)

நல்ல கேள்வி தங்கச்சி. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் ஐஸ் கட்டியை மரத்தூளுக்குள் புதைத்து வைப்பார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பாய். மேலே மரத்தூள் இருக்கும்வரை ஐஸ் சீக்கிரம் கரையாது. இந்தப் பாறைகளுக்கும் மேலே தூசிப் போர்வை இருக்கிறது. கீழே பனி பத்திரமாகக் கிடக்கிறது. என்றைக்காவது ஒரு சின்னக் கல் வந்து மோதி அந்தப் போர்வையைக் கிழித்தால், அந்த ஓட்டை வழியாகப் பனி ஆவியாகும், தூசியையும் இழுத்துக்கொண்டு போகும். அதுதான் வால். காற்றில்லாத இடம் என்பதால் பனி தண்ணீராக உருகுவதில்லை, கற்பூரம் மாதிரி நேராக ஆவியாகிறது. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்குக்குள் வந்தால்தான் தண்ணீர்ப் பனிக்கு இந்த வேகம் வரும்.

இவ்வளவு பெரிய டெலஸ்கோப்புகள் இருந்தும் முதலிலேயே கண்டுபிடிக்க முடியாதா? (ஜோகன்னஸ்பர்க், மென்பொருள் வேலையில் இருக்கும் ஒருவர்)

தம்பி, புதுப் பாறையைத் தேடும்போது கேட்கும் கேள்வியே 'எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது' என்பதுதான். இரண்டு மூன்று படம், இடக்குறிப்பு, அவ்வளவோடு அடுத்த புள்ளிக்குப் போய்விடுவார்கள். அந்தப் புள்ளி கொஞ்சம் ஊதியிருக்கிறதா என்று பார்க்க யாருக்கு நேரம்? மேலும் பாறை புகைவது சுற்றில் சில மாதங்கள்தான். நாம் பார்க்கும் இரவு அந்த மாதங்களில் விழ வேண்டும்.

டான் கிஹோட்டே என்ற 3552-ஆம் சிறுகோளை எடுத்துக்கொள்ளுங்கள். 1983-ல் கண்டது. ஏறக்குறைய 18 கிலோமீட்டர் பெரிசு, பாதையும் வால்மீன் பாதை மாதிரி நீண்டு கிடக்கும். அதனால் சந்தேகம் முதலிலிருந்தே உண்டு. ஆனாலும் அகச்சிவப்பில் பார்க்கும் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி 2009-ல் எடுத்த படங்களை நிதானமாக அலசி, 2013-ல்தான் கார்பன் டை ஆக்சைடு மூட்டமும் வாலும் இருப்பதாக அறிவித்தார்கள். முப்பது வருஷம்! சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவே திரியும் கைரான் 1977-ல் சிறுகோளாகப் பதிவானது. 1988-ல் கணக்குக்கு மீறிப் பிரகாசமானது, 1989-ல் அதைச் சுற்றி மூட்டம் தெரிந்தது. இன்று அது 95பி வால்மீனும்கூட.

நீங்கள் எதையாவது அப்படிக் கண்டிருக்கிறீர்களா அக்கா? (அதே தம்பி)

கண்டதாக ஒரு நாள் நினைத்தேன். கரூவில், சதர்லாந்துக்குப் போகும் வழியில் ஒரு பண்ணை வீட்டில் தங்கியிருந்தேன். குளிரில் விரல் விறைத்துப்போய், 20 செ.மீ. டெலஸ்கோப்பில் ஒரு சிறுகோளை ஒன்றரை நிமிடப் படங்களாக நாற்பது எடுத்தேன். சிறுகோள் நகரும் வேகத்துக்கு ஏற்ப அவற்றை அடுக்கினால், நட்சத்திரங்கள் கோடாக இழுபடும், சிறுகோள் மட்டும் புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளியின் இடப்பக்கம் சாம்பிராணிப் புகை மாதிரி ஒரு மங்கல். எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் இரவு அதே இடத்தைப் படமெடுத்தேன். சிறுகோள் விலகிப் போயிருந்தது, மங்கல் அங்கேயே நின்றது. பின்னால் இருந்த ஒரு மங்கலான விண்மீன் மண்டலம் அது.

அன்றிலிருந்து மூன்று காரியம் செய்யாமல் நான் யாரிடமும் வாய் திறப்பதில்லை. பக்கத்து நட்சத்திரம் எவ்வளவு அகலம், என் புள்ளி எவ்வளவு அகலம் என்று அளப்பேன். புள்ளி அகலமாக இருந்தால்தான் மேற்கொண்டு யோசனை. பழைய வான் படங்களில் அந்த இடத்தில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன். இன்னொரு இரவு, முடிந்தால் இன்னொருவர் டெலஸ்கோப்பில், மறுபடி பார்ப்பேன்.

வால் நட்சத்திரம் தோன்றினால் ஆகாது என்பார்கள். சும்மா இருந்த கல்லுக்கு வால் முளைப்பது இன்னும் கெடுதலா? (வெருலத்திலிருந்து ஒரு பாட்டி)

பாட்டிம்மா, தூமகேது என்ற பேரைப் பாருங்கள். தூமம் என்றால் புகை, கேது என்றால் கொடி. புகைக்கொடி. பார்த்ததை அப்படியே சொன்ன பேர் அது. அழகான பேர். அந்தக் காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்ததால் மனுஷருக்குப் பயம் இருந்தது. நான் சொன்ன பாறைகளை வெறுங்கண்ணால் பார்க்கவே முடியாது. எந்தத் தேதியில் எங்கே இருக்கும் என்று இப்போதே எழுதித் தரலாம். பேரப்பிள்ளை கல்யாணத்துக்கு நாள் பார்க்க இது குறுக்கே வராது, நிம்மதியாக இருங்கள்.

இதற்கு நேர்மாறாக, வால்மீன் என்று நினைத்தது சிறுகோளாக மாறியது உண்டா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஆசிரியர்)

உண்டு ஐயா, எனக்கு ரொம்பப் பிடித்த கதை அது. 1949 நவம்பரில் கலிபோர்னியாவின் பாலோமரில் ஆல்பர்ட் வில்சனும் ராபர்ட் ஹாரிங்டனும் வாலுள்ள ஒன்றைக் கண்டார்கள். மூன்று இரவுகள்தான் படம் கிடைத்தது. பாதை சரியாகப் பிடிபடாமல் தொலைந்துபோனது. 1979-ல் அதே பாலோமரில் எலினார் ஹெலின் ஒரு சிறுகோளைக் கண்டார், வாலின் அடையாளமே இல்லை. 1992-ல் டெட் போவெல் அந்தச் சிறுகோளின் பாதையைப் பின்னோக்கி ஓட்டி, பழைய தகடுகளில் அது எங்கே விழுந்திருக்கும் என்று தேடினார். 1949 தகட்டில் அது இருந்தது, வாலோடு! நீல ஒளித் தகட்டில் வால் நன்றாகவே தெரிகிறது. அதற்கப்புறம் இன்றுவரை அது வால் காட்டவில்லை. 4015 என்றும் 107பி என்றும் இரண்டு எண்கள் அதற்கு.

அதே 1949-ல் நம் ஜோகன்னஸ்பர்க் யூனியன் வானாய்வு நிலையத்தில் எர்னெஸ்ட் ஜான்சன் ஏப்ரலில் ஒரு சிறுகோளையும் ஆகஸ்டில் ஒரு வால்மீனையும் கண்டார். சிறுகோளுக்கு ஜூலு என்று பேர், வால்மீன் 48பி ஜான்சன். வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பூமியில் மோதுமா? (பெயர் எழுதாத சீட்டு)

எல்ஸ்ட்-பிசாரோ மாதிரியானவை செவ்வாய்க்கு அப்பாலேயே சுற்றுகின்றன. பயம் வேண்டாம்.

வால் இருந்தாலே வால்மீன்தானா? 2022-ல் நாசா மோதிய சிறுகோளுக்கும் வால் வந்ததே? (ரீயூனியனிலிருந்து ஒரு தம்பி)

சரியான இடத்தில் பிடித்தாய். 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் மேல் மோதியதும் கிளம்பிய தூசியை உங்கள் தீவின் லெ மாக் வானாய்வு நிலையமே படம் பிடித்தது. சில நாளில் அந்தத் தூசி பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வாலாக நீண்டது. அங்கே பனி வேலை செய்யவில்லை, மோதல்தான். 2010 டிசம்பரில் ஷைலா என்ற பழைய சிறுகோள் தூசி கக்கியதற்கும் மோதல்தான் காரணம் என்று முடிவானது. சில பாறைகள் வேகமாகச் சுழன்றே தூசியை உதறும். அதனால் ஒரு தரம் வால் தெரிந்ததை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. சூரியனை நெருங்கும் ஒவ்வொரு தடவையும் திரும்ப வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் பெரிய கருவி பொறுமைதான்.

ஆவியையே நேரடியாகப் பார்த்ததும் உண்டு. சிறுகோள் பட்டையிலுள்ள 238பி ரீட் வால்மீனைச் சுற்றி நீராவி இருப்பதை ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி கண்டதாக 2023-ல் வெளிவந்தது. பட்டையில் தண்ணீர்ப் பனி இன்னும் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நாங்கள் இங்கிருந்து ஏதாவது செய்ய முடியுமா? (லெனேசியா, கல்லூரி மாணவர்)

தாராளமாக. பிரிட்டோரியாவில் ஜாக் பென்னட் ஒரு அமெச்சூர்தான். 1969 டிசம்பர் 28 அன்று அவர் கண்ட வால்மீன், அடுத்த ஆண்டு வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தது. இப்போது சதர்லாந்தில் அட்லஸ் தொலைநோக்கி இரவெல்லாம் தெற்கு வானத்தைத் துழாவுகிறது. அதோடு போட்டி போட முடியாதுதான். ஆனால் எடுத்துக் குவித்த படங்களை மனிதக் கண் பார்க்க வேண்டியிருக்கிறது. 'ஆக்டிவ் ஆஸ்டராய்ட்ஸ்' என்று ஒரு திட்டம் 2021-ல் தொடங்கியது. சிலியில் எடுத்த படங்களில் புள்ளிக்கு வால் இருக்கிறதா இல்லையா என்று போனிலேயே பார்த்துச் சொல்லலாம். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து, வால் உள்ளது என்று யாருக்கும் தெரியாமல் கிடந்த பல பாறைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். டெலஸ்கோப் வாங்கும் முன் அதில் ஒரு மாதம் உட்காருங்கள், கண் பழகும்.

என் பையனுக்கு எட்டு வயசு. டெலஸ்கோப் இல்லாமல் இதில் எதையாவது காட்ட முடியுமா? (சாட்ஸ்வர்த், ஒரு அப்பா)

முடியும். ஃபேத்தான் என்று ஒரு சிறுகோள், 1983-ல் கண்டது. அது உதிர்த்த துகள்கள்தான் டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்களாக விழுகின்றன. எரிகல் மழையை உண்டாக்குவது பெரும்பாலும் வால்மீன்களின் வேலை. இதுவோ சிறுகோள் பட்டியலில் இருக்கிறது. கார்த்திகை முடிகிற சமயம் அது, பள்ளியும் லீவு. நம் ஊரிலிருந்து இரவு ஒரு மணிக்கு மேல், வடக்கே அடிவானத்திலிருந்து முப்பது டிகிரி உயரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். டர்பன் விளக்கிலும் மேகத்திலும் பாதி போய்விடும். டிராக்கன்ஸ்பர்க் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அங்கே போய்விடுங்கள். பாயும் கொசுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போங்கள், போனை மூடி வைத்து இருபது நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். பையன் தூங்கிவிட்டால் ஒன்றரை மணிக்கு எழுப்புங்கள்.