வலை வைத்தும் வீக்கம் அப்படியே இருக்கிறதே, டாக்டர்?

கேள்வி: என் அக்காவுக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில், கண்ணுக்குப் பின்னால், 14 மி.மீ. அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய்ச் சுவர் பை போல உப்பிய வீக்கம். வெடிக்கவில்லை. ‘காயில்’ (coil) என்ற கம்பிச்சுருள் நிற்காது என்று சொல்லி, தொடை வழியாக ஃப்ளோ டைவர்ட்டர் என்ற வலைக்குழாய் வைத்தார்கள். இரண்டு மாதம் ஆகிறது. அன்று முடிந்ததும் எடுத்த ஆஞ்சியோவில் வீக்கம் அப்படியேதான் தெரிந்தது. சிகிச்சை பலிக்கவில்லையா? இப்போது பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் மாத்திரைகளை நிறுத்தலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் அவசரம். நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல் இரண்டையும்தான் சொல்கிறேன். அக்காவின் ரத்தக்குழாய்க்குள் இப்போது இருப்பது மெல்லிய உலோகக் கம்பிகளால் பின்னிய வலைக்குழாய். அதன் மேல் ரத்தக்குழாயின் உள்தோல் படர்ந்து மூடும்வரை அது ரத்தத்துக்கு அந்நியப் பொருள்தான். மாத்திரை நின்றால் வலையிலேயே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். பல் காத்திருக்கும் என்றால் காத்திருக்கட்டும். முடியாது என்றால், மாத்திரை ஓடும்போதே தையல் போட்டு, பஞ்சு வைத்து அழுத்திப் பெரும்பாலான பற்களைப் பிடுங்கிவிடலாம். வலை வைத்த மருத்துவரிடம் பல் மருத்துவரையே பேசச் சொல்லுங்கள். நீங்கள் நடுவில் தூது போக வேண்டாம்.

இனி வீக்கம். இத்தாலிய மருத்துவர் கூலியெல்மி 1990-இல் முதன்முதலாக நோயாளிக்கு வைத்த பிளாட்டினம் காயில், வீக்கத்தின் பையை உள்ளேயிருந்து நிரப்புகிறது. பையின் கழுத்து, அதாவது அது ரத்தக்குழாயோடு சேரும் வாய், குறுகலாக இருந்தால் அருமையான வழி. கழுத்து 4 மி.மீ.க்கு மேல் அகன்றிருந்தால் காயில் நழுவி ரத்தக்குழாய்க்குள்ளேயே வந்துவிடும். பலூனோ ஸ்டென்டோ முட்டுக்கொடுத்து அதைச் சமாளிப்பதும் உண்டு. ஃப்ளோ டைவர்ட்டர் பையைத் தொடுவதே இல்லை. கழுத்துக்குக் குறுக்கே படுத்துக்கொண்டு, உள்ளே போகும் ரத்தத்தின் வேகத்தைக் குறைக்கிறது. தேங்கிய ரத்தம் மெல்ல உறைய, பை சுருங்குகிறது. அன்றைக்கே மறைய வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி? அக்காவுக்கு இருப்பது போன்ற பெரிய, அகன்ற கழுத்து வீக்கங்களில் ஃப்ளோ டைவர்ட்டரை வைத்துப் பார்த்த பஃப்ஸ் (PUFS) என்ற ஆய்வில் ஆறு மாதத்தில் சுமார் 74 சதவீதமும், ஒரு வருடத்தில் சுமார் 87 சதவீதமும் முழுதாக அடைபட்டிருந்தன. உங்கள் அக்காவுக்கு இரண்டே மாதம்தான் ஆகிறது.

பை உறையும்போது சில நாள் தலைவலி வரலாம். ஆனால் இடி விழுந்தாற்போல் திடீர்த் தலைவலி, பார்வை மங்கல், இரட்டைப் பார்வை, கை கால் மரத்துப்போவது, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு. அபூர்வமாக, அடைபடும் முன்பே பை வெடிப்பதும் உண்டு.

கிளோபிடோக்ரல் சிலர் உடம்பில் வேலை செய்யாது. அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. செய்தார்களா என்று கேளுங்கள். வயிற்றெரிச்சலுக்கு அக்கா தானாக ஒமிப்ரசோல் வாங்கிப் போடுகிறாரா என்றும் பாருங்கள், அது கிளோபிடோக்ரலின் வீரியத்தைக் குறைக்கும். பல் வலிக்கு ஐபுப்ரோஃபென் எழுதித் தந்தால் வாங்காதீர்கள், பாராசிட்டமால் கேளுங்கள்.